அந்தப் பெயரை அப்படியே விட்டிருக்கலாம்

நேற்று ராத்திரி பழைய இ.சி.டபிள்யூ மேட்ச் ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்காவில் 2001இல் மூடிப்போன ஒரு சின்ன மல்யுத்தக் கம்பெனி அது; அதன் பெயரைப் பெரிய கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.இ பிறகு மறுபடி பயன்படுத்தியது. அதைப் பார்த்து முடிப்பதற்குள் இருபது வருஷ ஆதங்கம் மறுபடி மேலே வந்துவிட்டது. எங்காவது எழுதி வைக்க வேண்டும் போலிருந்தது, அதனால் இங்கே.

நானும் டென் ஸ்போர்ட்ஸில் டபிள்யூ.டபிள்யூ.இ நிகழ்ச்சிகளான ரா, ஸ்மாக்டவுன் பார்த்து வளர்ந்தவன்தான். இ.சி.டபிள்யூ உயிரோடு இருந்தபோது எனக்கு அதைத் தெரியாது. அது திவாலாகி மூன்று வருஷம் கழித்து, 2004இல் டபிள்யூ.டபிள்யூ.இ வெளியிட்ட டிவிடி வழியாகத்தான் தெரிய வந்தது. தெற்கு பிலடெல்பியாவில், வாரநாட்களில் பிங்கோ ஆடும் ஒரு பழைய ஹால். சுமார் ஆயிரம் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். 1994 ஆகஸ்டில் அங்கேதான் ஷேன் டக்ளஸ் என்ற ரெஸ்லர், தான் ஜெயித்த என்.டபிள்யூ.ஏ (பழைய மல்யுத்தக் கூட்டமைப்பு) உலக சாம்பியன் பெல்ட்டைக் கீழே வீசிவிட்டு, இனிமேல் இந்தக் கம்பெனியின் பெல்ட்தான் உலக பெல்ட் என்று அறிவித்தார். மேசை, நாற்காலி, முள்கம்பி, ரத்தம் எல்லாம் அதற்கு அப்புறம் பேர் வாங்கிக் கொடுத்தவை. ஆனால் அந்தக் கம்பெனி என்றாலே ரத்தம்தான் என்று நினைப்பவர்கள், 1995 ஆகஸ்ட் 26 அன்று எடி கெரேரோவும் டீன் மலென்கோவும் ஆடிய கடைசி மேட்சைப் பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன். இரண்டு பேரும் வேறு கம்பெனிக்குக் கிளம்புகிறார்கள், அது எல்லோருக்கும் தெரியும். சுத்தமான மல்யுத்தம். ரத்தம் கேட்டுக் கத்தும் அதே கூட்டம் 'போகாதீங்க, போகாதீங்க' என்று கோஷம் போடுகிறது, எடி அழுகிறார். எனக்கு இ.சி.டபிள்யூ என்றால் இந்தக் கூட்டம்தான்.

அது ஒன்றும் சொர்க்கமும் இல்லை. கடைசி மாதங்களில் ரெஸ்லர்களுக்குச் சம்பளம் சரியாகப் போகவில்லை. 2001 ஜனவரியோடு நிகழ்ச்சிகள் நின்று, ஏப்ரலில் கோர்ட்டில் திவால் மனு போட்டபோது பாக்கிப் பட்டியல் நீளமாக இருந்தது. கம்பெனியை நடத்திய பால் ஹேமன் பெரிய படைப்பாளி, ஆனால் கணக்கு வழக்கில் அவரை நம்பியவர்கள் நிறைய இழந்தார்கள். அதையெல்லாம் மறைத்துவிட்டு நான் இதை எழுதவில்லை.

சரி, 2005 ஜூன் 12. நியூயார்க்கின் ஹேமர்ஸ்டீன் பால்ரூமில் ஒன் நைட் ஸ்டாண்ட், பழைய இ.சி.டபிள்யூ ஆட்களை வைத்து டபிள்யூ.டபிள்யூ.இ நடத்திய நிகழ்ச்சி. பெயரிலேயே ஒரே ஒரு இரவு என்று சொல்லித்தான் நடத்தினார்கள். அந்தக் காலத்து ரெஸ்லர் சேண்ட்மேன் தன் பழைய பாட்டோடு கூட்டத்துக்கு நடுவே பீர் கேனும் பிரம்புமாக நடந்து வந்தபோது ஹால் முழுக்கச் சேர்ந்து பாடியது. என்னைக் கேட்டால் அதோடு முடித்திருக்க வேண்டும். அழகான விடைபெறுதல் அது.

ஆனால் டிவிடி நன்றாக விற்றது, அந்த இரவும் பேசப்பட்டது, 2006இல் இ.சி.டபிள்யூவை டபிள்யூ.டபிள்யூ.இவின் தனி பிராண்டாகவே ஆக்கிவிட்டார்கள். முதலில் நானும் நம்பினேன், பொய் சொல்லவில்லை. 2006 ஜூன் 11, இரண்டாவது ஒன் நைட் ஸ்டாண்ட்: டபிள்யூ.டபிள்யூ.இ நட்சத்திரம் ஜான் சீனா கழற்றி எறிந்த டி-ஷர்ட்டைக் கூட்டம் திரும்பத் திரும்ப ரிங்குக்கே வீசியது, பழைய இ.சி.டபிள்யூ ஆளான ராப் வான் டாம் அவரைத் தோற்கடித்து டபிள்யூ.டபிள்யூ.இ சாம்பியன் ஆனார், நடுவர் இடத்தில் ஹேமனே மண்டியிட்டு மூன்று எண்ணினார். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இரண்டே நாள்தான். ஜூன் 13, சைஃபை சேனலில் முதல் எபிசோட், நியூஜெர்சியின் ட்ரென்டனில், பெரிய அரங்கில். ஒரு ஜாம்பி நடந்து வருகிறது. ஆமாம், ஜாம்பி வேஷம் போட்ட ஆள். சேண்ட்மேன் வந்து அதைப் பிரம்பால் அடித்து அனுப்புகிறார். அப்புறம் ஒரு ரத்தக்காட்டேரி, ஒரு பெண் மேடையில் துணியைக் கழற்றி ஆடுவது. சேனலுக்கு அறிவியல் புனைகதை வாசம் வேண்டுமென்று ஜாம்பியைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் டிவி முன்னால் உட்கார்ந்தவனுக்குக் கிடைத்தது அதுதான்.

ஜூலையில் வான் டாம் ஓஹியோவில் கஞ்சாவோடு போலீசில் பிடிபட்டார். அவரிடமிருந்த இ.சி.டபிள்யூ பெல்ட்டை எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாரிடம் கொடுத்தார்கள்? டபிள்யூ.டபிள்யூ.இ ஆளான பிக் ஷோவிடம். அதுவும் ஜூலை 4, பிலடெல்பியாவிலேயே. இ.சி.டபிள்யூ பிறந்த ஊரில், ஹேமனையே துரோகியாக்கி. ரிங்குக்குள் குப்பை பறந்தது. அந்தக் கோபத்தையும் கதைக்குக் கிடைத்த வெற்றி என்றுதான் கணக்கு வைத்திருப்பார்கள், எனக்கு அது நிஜக் கோபமாகத்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 1 தான் என்னால் மறக்க முடியாதது. மறுபடி அதே ஹேமர்ஸ்டீன் பால்ரூம். அந்த இரவில் சி.எம். பங்க் என்ற ஒல்லிப் பையன் முதல்முறையாக வருகிறான், டிவியில் அவனைப் பார்த்தே இராத பாதிப் பேரும் சேர்ந்து அவனைக் கொண்டாடுகிறார்கள். கூட்டம் என்ன கேட்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மெயின் ஈவென்ட் என்னவென்றால், பிக் ஷோ எதிராக இன்னொரு டபிள்யூ.டபிள்யூ.இ நட்சத்திரம் பட்டீஸ்டா. மேட்ச் முழுக்க இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டி, சேனலை மாற்றச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். பதினோரு வருஷம் முன்னால் 'போகாதீங்க' என்று கெஞ்சிய ரசிகர்களின் வகைதான் இவர்களும்.

அந்தக் கோஷத்தை யாருமே காதில் வாங்கவில்லை. டிசம்பர் 3, ஜார்ஜியாவின் அகஸ்டாவில் டிசம்பர் டு டிஸ்மெம்பர். காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய பிபிவி, முன்கூட்டி அறிவித்தது இரண்டே மேட்ச். பெரிய கூண்டுக்குள் ஆறு பேர் மோதும் எலிமினேஷன் சேம்பரில், விளம்பரப்படுத்திய பழைய இ.சி.டபிள்யூ ஆள் சாபுவைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டு ஹார்ட்கோர் ஹோலியைப் போட்டார்கள். கூட்டம் யார் பெயரைக் கத்திக்கொண்டே இருந்ததோ அந்த பங்க் முதல் ஆளாக வெளியே போனார். ஹேமன் வேண்டியதோ நேர் எதிர், பங்க் பிக் ஷோவை ஆரம்பத்திலேயே வெளியேற்ற வேண்டும் என்பது அவர் யோசனை. ஜெயித்தது லாஷ்லி. மறுநாளே ஹேமனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2007 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.இ முதலாளி வின்ஸ் மக்மேனே அந்த பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். டெர்ரி ஃபங்க், டாஸ், மைக் ஆசம் கட்டிய பெல்ட்டின் பெயர் அது.

பின்னால் நல்ல மேட்ச்கள் வந்தன, மறுக்கவில்லை. பங்க் 2007இல் சாம்பியன் ஆனார், கிறிஸ்டியன் அருமையாக ஆடினார். ஆனால் அதையெல்லாம் வேறு எந்தப் பெயர் வைத்தும் செய்திருக்கலாமே. 2010 பிப்ரவரி 16 அன்று அதை மூடிவிட்டு, அடுத்த வாரம் அதே இடத்தில் என்.எக்ஸ்.டி என்று தொடங்கியபோது யாருக்காவது குறை தெரிந்ததா? முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் பிங்கோ ஹால் ஆட்களை வாராவாரம் தோற்க வைக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. எனக்கு அதிகம் வலித்தது டாமி ட்ரீமர்தான். அந்தக் கம்பெனிக்காக உடம்பைக் கொடுத்த மனுஷன், எத்தனை வாரம் மல்லாந்து கிடந்தார்.

இ.சி.டபிள்யூ பார்க்கணும், எங்கே ஆரம்பிக்கட்டும் என்று போன வாரம் என் சித்தி மகன் கேட்டான். எடி, மலென்கோ மேட்சை அனுப்பினேன். 2005 ஜூன் வரைக்கும் பார்த்துக்கோ, அதற்கு மேல் வேண்டாம்டா என்று சொல்லியிருக்கிறேன்.