கோலாலம்பூர் வெயிலுக்கு லிக்விட் கூலிங் வேண்டுமா?

மின்சார மோட்டார் சைக்கிள் என்று பேச்சு எடுத்தாலே, "பேட்டரிக்கு லிக்விட் கூலிங் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். அதாவது, குழாயில் திரவத்தை ஓடவிட்டு பேட்டரியின் சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு. இல்லை என்றால் ஏதோ மட்டமான சாமான் மாதிரி ஒரு பார்வை. வேலைக்குப் போய்வரவும் சாப்பாடு டெலிவரி செய்யவும் ஓட்டுகிற வண்டிக்கு அது தண்டச் செலவு என்பேன்.

டுகாட்டி நிறுவனம், மோட்டோஇ என்ற மின்சார பைக் பந்தயத்துக்குச் செய்த வி21எல் வண்டியின் எடை 225 கிலோ. அதில் பேட்டரி மட்டுமே 110 கிலோ. பேட்டரிக்கென்று தனி திரவச் சுற்று உண்டு. பந்தயம் முடிந்த கையோடு, ஆறும்வரை காத்திராமல் சார்ஜ் போடலாம். அங்கே அது நியாயம். பந்தயத்தில் பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் அதிகம்; மின்னோட்டம் இரண்டு மடங்கானால் பேட்டரியில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு.

ஃபெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிள் தடத்தில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அவ்வளவு சூடு எங்கிருந்து வரும்? விலை கூடிய மின்சார ஸ்கூட்டரான பிஎம்டபிள்யூ சிஇ 04-இல் கூட திரவம் மோட்டாருக்குத்தான். பேட்டரிக்கு அடியில் அலுமினியத் தகடுகள், எதிர்க்காற்று, அவ்வளவுதான். அந்த விலை வண்டிக்கே அப்படி!

நமக்குச் சிக்கல் வேறு. மதியம் 33 டிகிரி. திரவத்தை ஆறவைக்கும் ரேடியேட்டர் எதையும் வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக்காது. காரில் ஏர்கோன் கம்ப்ரெசரோடு சேர்த்துச் சமாளிக்கிறார்கள். இரண்டு சக்கரத்தில் அதை எங்கே வைப்பது? பம்ப், ஹோஸ், கூலண்ட் என்று எடையும் விலையும் ஏறும். ஹோஸ் கசிந்தால் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் பட்டறையில் அதைப் பார்க்க ஆள் வேண்டும். முழு சார்ஜோடு திறந்த வெயிலில் நாளெல்லாம் நிறுத்தினால்தான் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். அந்த நேரம் பம்ப் ஓடாதே.

காற்றை நம்பினாலும் குறை உண்டு. மழைக்காகப் பெட்டியை இறுக மூட வேண்டும். பேட்டரிக்குள் இருக்கும் செல்லின் சூடு பெட்டிச் சுவர் வழியாகத்தான் வெளியேறும். ஜாமில் எதிர்க்காற்றும் இருக்காது. அதனால் உள்ளே செல்லுக்கும் சுவருக்கும் நடுவில் சூடு கடத்தும் பசையை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்பதுதான் பெரிய விஷயம். விளம்பரத்தில் அது வராது.

நானாக இருந்தால் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் வைத்த வண்டியைத்தான் எடுப்பேன். எடை கூடும், ஓடும் தூரம் குறையும், ஆனால் சூட்டைத் தாங்கும். நாள் முழுக்க டெலிவரி ஓடுகிறவர்களுக்கு தீர்ந்த பேட்டரியைக் கொடுத்து சார்ஜ் ஏறியதை வாங்கிக்கொள்ளும் நிலையம் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. சூடான பேட்டரியை ஆறவைப்பது நிலையத்தின் வேலை.

வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜரைச் செருகினால் வண்டி என்ன செய்யும்? ஆறும்வரை மெதுவாகத்தான் ஏற்றும் என்றால் சரி. "ஒண்ணும் ஆகாது பாஸ்" என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.