பிசிஎல்-2 பற்றி ஒரு திருத்தம்

"பிசிஎல்-2 புரதம் செல்களை வேகமாகப் பெருக்குகிறது, அதனால்தான் புற்றுநோய்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். புற்றுநோயோடு தொடர்பு உண்டு, சரி. ஆனால் அது செய்வது வேறு வேலை: சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் காப்பது. 1988-லேயே தெரிந்துவிட்ட சங்கதி இது. பழுதான செல்லில் பாக்ஸ், பாக் புரதங்கள் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளையிடும். உள்ளே இருக்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசியும். அதனால் தூண்டப்படும் கேஸ்பேஸ் நொதிகள் செல்லை உள்ளிருந்தே துண்டாடும். அந்தத் துளை விழாமல் பிசிஎல்-2 பார்த்துக்கொள்கிறது. ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் பெரும்பாலும் 14, 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிசிஎல்-2 அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. அப்போதும் புற்றுநோய் வர இது ஒன்று மட்டும் போதாது, வேறு மரபணுக் கோளாறுகளும் சேர வேண்டும். அப்புறம், நீங்கள் சொன்ன வெனிடோகிளாக்ஸ் என்ற புற்றுநோய் மருந்து (2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது) செல் பெருக்கத்தைக் குறிவைப்பதில்லை. பிசிஎல்-2-ஐ முடக்கி, புற்றுசெல் சாவதற்கு வழிவிடுகிறது.