டாக்டர் வண்டி சார்!

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனா, தமிழ்நாட்டுல டாக்டருங்களைத் தவிர யாருமே கார் ஓட்டலையோன்னு சந்தேகம் வருது. "சிங்கிள் ஓனர் சார், கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான் ஓடுச்சு." அப்புறம் ஆர்.சி.யில ஏன்யா மூணாவது ஓனர்னு இருக்கு?

2014 மாடல் டீசல் ஸ்விஃப்ட். மீட்டர்ல 42,000 கி.மீ.தான். கிளட்ச் பெடல் ரப்பரோ தேய்ஞ்சு வழவழன்னு கிடக்கு. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவுல காசி இருந்துச்சா? டயர் புதுசாம்! பக்கவாட்டுல 1817ன்னு போட்டிருக்கு. அதாவது 2017-ல 18-வது வாரம் செஞ்சது. கருப்பு பாலிஷ் போட்டா வயசு குறைஞ்சிடுமா?

சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பார்த்தா அடியில காஞ்ச சேறு. வெள்ளத்துல முங்கின வண்டியான்னு கேட்டா, "ஒரிஜினல் பெயிண்ட் சார்"ங்கிறார். நான் எதைக் கேட்டேன், இவர் எதைச் சொல்றார்! ஏசிக்கு "கேஸ் அடிச்சா போதும்." (எல்லா ஊர்லயும் இதே டயலாக்தான்.) இன்சூரன்ஸ் காலாவதி. லோன் முடிச்ச என்.ஓ.சி. "வந்துக்கிட்டே இருக்கு." எங்கேர்ந்து, நடந்தா வருது?

இதுக்கு மேல விலை பேசினா, "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் அட்வான்ஸோட வர்றாங்க"ன்னு மிரட்டல் வேற. வரட்டும், தாராளமா வரட்டும்!