ஷிரீன் உங்களுக்குச் சின்னப் பாத்திரமா?

ஞாயிற்றுக்கிழமை வந்த அந்தப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் யாருடைய சாவுக்கெல்லாம் அழத் தேவையில்லை என்று வரிசைப்படுத்தி, ஷிரீன் பராத்தியனை முதலில் வைத்திருக்கிறார்கள். அரியணைக்காகப் போரிடும் ஸ்டானிஸின் சின்ன மகள் அவள்; போரில் வெல்வதற்கான பலி என்று அப்பாவே அவளை உயிரோடு எரிக்க வைக்கிறான். “சின்னப் பாத்திரம், கதைக்குத் தேவைப்பட்ட சாவு.” கீழே நெருப்புப் படம் போட்டுச் சிரித்தவர்களில் என் நண்பர்களும் உண்டு. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

சின்னப் பாத்திரமா? ஸ்டானிஸின் ஆலோசகர் டாவோஸ் சிறையில் கிடந்தபோது, அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அப்படிக் கற்றவர் வடக்கு எல்லைச் சுவரிலிருந்து உதவி கேட்டு வந்த கடிதத்தைப் படித்துக் காட்டியதால்தான் ஸ்டானிஸ் வடக்கே போனான். பிறகு அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து வந்த கில்லி என்ற பெண்ணுக்கும் எழுத்து கற்றுக்கொடுத்தாள். இளவரசன் ரேகரின் முதல் திருமணம் ரத்தானதை ஏழாவது சீசனில் பழைய ஏட்டிலிருந்து வாசிப்பது அதே கில்லி. முறைதவறிப் பிறந்தவன் என்று எல்லோரும் நினைத்த ஜான், ரேகரின் முறையான வாரிசு என்பதற்கான தடயம் அந்த வரியில் இருந்தது. இவளா சின்னப் பாத்திரம்?

“பனியில் படை பட்டினி கிடந்தது, ஸ்டானிஸுக்கு வேறு வழியில்லை” என்பீர்கள். மகளை எரித்த மறுநாள் விடிவதற்குள் கிட்டத்தட்ட பாதிப் படை ஓடிவிட்டது. அந்த வாதத்துக்கு இதற்கு மேல் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

“இஃபிஜீனியா கதைதானே” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இதை மதிக்கிறேன். கிரேக்க மன்னன் அகமெம்னானும் கப்பல்களுக்குக் காற்று வேண்டி மகள் இஃபிஜீனியாவைப் பலிபீடத்தில் ஏற்றியவன்தான். ஆனால் யூரிப்பிடிஸின் நாடகத்தில் தெய்வம் ஒரு மானை மாற்றி வைத்துப் பெண்ணைக் காப்பாற்றிவிடுகிறது. ஷிரீனுக்கும் ஒரு மான் இருந்தது, டாவோஸ் செதுக்கித் தந்த மர மான். அது கருகிக் கிடந்ததைத்தான் அவர் பிறகு கண்டெடுத்தார்.

“கற்பனைதானே” என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பதினொரு வயதில் எனக்கு உதட்டோரம் வெண்புள்ளி வந்தது. அன்று அதை வெண்குஷ்டம் என்றுதான் சொன்னார்கள். ஒரு கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்க நின்றிருந்தேன். உறவுக்காரர் ஒருவர் செம்பை என் கையிலிருந்து வாங்கித் தங்கையிடம் கொடுத்தார். அப்பா ஒன்றும் பேசாமல் என்னை அழைத்துக்கொண்டு பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

நோயால் ஷிரீனின் கன்னம் கல்லாய் இறுகியபோது, அந்த நோய் முற்றிய கல்மனிதர்களோடு விட்டுவிடச் சொன்னவர்களை மறுத்து ஊரிலுள்ள வைத்தியரையெல்லாம் அழைத்தவன் ஸ்டானிஸ். “நீ என் மகள்” என்று அவளிடம் சொன்னான். ஐந்து அத்தியாயம் கழித்து, அப்பாவுக்கு உதவ வேண்டும் என்று கேட்டு, அதே சொல்லை அவள் அவனிடம் திருப்பிச் சொல்கிறாள். எதற்கு உதவக் கேட்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் யாருக்கும் ஓர் எழுத்துகூடக் கற்றுக்கொடுக்காமல் இருந்திருந்தாலும் நான் அழுதிருப்பேன். மேலே அடுக்கிய கணக்கெல்லாம் உங்களுக்காகச் சொன்னது. ஒரு குழந்தை எதற்குப் பயன்படுகிறாள் என்று பார்த்துத்தான் அழ வேண்டுமா?

சிரித்த நண்பர்களே, உங்கள் பெயர்கள் அங்கே இன்னும் தெரிகின்றன. அந்தச் சிரிப்பை எடுத்துவிடுங்கள்.