தங்கம் தியேட்டர் என்றால் 2,563 இருக்கை மட்டும்தானா?

மதுரைக்காரர் யாரிடம் வேண்டுமானாலும், இன்று இல்லாமல் போன தங்கம் தியேட்டரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2,563 இருக்கை என்பார்கள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்பார்கள். அப்புறம் 'பராசக்தி'. பெருமை இருக்கட்டும். ஆனால் அத்தனை பேர் தலைக்கு மேல் இருந்த கூரையை எது தாங்கியது, கடைசி வரிசைக்கு வசனம் எப்படிக் கேட்டது என்று கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. அவ்வளவு பெரிய கட்டடத்தைப் பெருமை பேச மட்டுமே வைத்துக்கொண்டோம். அதைக் கட்டடமாக யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. எனக்கு இருக்கும் ஆதங்கம் இதுதான்.

1952 தீபாவளி, அக்டோபர் 17. 'பராசக்தி'தான் அங்கே திரையிட்ட முதல் படம். கலைஞர் வசனம், சிவாஜிக்கு அறிமுகம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். ரங்கூனில் பிழைக்கும் அண்ணன்மார் தங்கை கல்யாணத்துக்கு மதுரைக்கு வந்து சேரத் தவிக்கும் கதை. வசனம் கேட்கவே ஜனம் திரண்டு வந்த படம். அதை ஒரே கூரைக்கு அடியில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்குக் கேட்க வைப்பது சாதாரண வேலையா? அன்றைக்கெல்லாம் சத்தம் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கியில் இருந்து மட்டும்தான் வரும். அதற்காகவே திரை முழுக்கப் பொடி ஓட்டைகள் போட்டிருக்கும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்றால், 50 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதுக்கு வசனம் வர ஏழில் ஒரு பங்கு வினாடி ஆகும். உதடு அசைந்து சற்றுப் பிந்தித்தான் சொல் வந்து சேரும். போதாக்குறைக்குச் சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம் வேறு. அதை அடக்காவிட்டால் ஒரு வசனத்தின் மேல் இன்னொரு வசனம் ஏறி எதுவும் புரியாது. கண்ணை மறைக்கும் என்பதால் நடுவில் தூணும் நிறுத்த முடியாது. இத்தனையையும் சமாளித்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டடம் நின்றிருந்தால் இன்றைக்கு ஒரு மாணவர் நாடாவைப் பிடித்து அளந்து, எப்படிச் செய்தார்கள் என்று வரைந்து காட்டியிருப்பார்.

அந்த இடத்தில் இப்போது பல மாடி ஜவுளிக்கடை நிற்கிறது.

தியேட்டர் இருந்தது மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது அந்த வேலையைப் பார்த்த மேஸ்திரியின் பெயர்தான் அந்த வீதிக்கு. மாரட் வீதியின் பெயரும் அந்த வேலையில் இருந்த அளவையாளருடையது. பிளாக்பர்னின் நினைவாகத்தான் விளக்குத்தூண். இடித்ததால் ஊர் வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் இதே ஊரில்தான் திருமலை நாயக்கர் மகாலும் இருக்கிறது. பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருந்ததைக் கவர்னர் நேப்பியர் 1860களிலும் 70களிலும் செப்பனிட வைத்தார். அதனால்தான் அந்தச் சுதை வளைவுகளை இன்றைக்கு அண்ணாந்து பார்க்கிறோம்.

சினிமா கொட்டகைக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு மும்பையைக் காட்டுவேன். 1933இல் திறந்த ரீகல், 1938இல் திறந்த எராஸ், இரண்டும் ஆர்ட் டெகோ என்ற அந்தக் காலக் கட்டடப் பாணியில் எழுந்த தியேட்டர்கள். 2018இல் யுனெஸ்கோ அந்த வட்டாரத்தையே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இவையும் அதற்குள் வந்தன. எராஸ் சில வருஷம் மூடிக் கிடந்தது. அப்புறம் உள்ளே புதுப்பித்து 2024இல் மறுபடி படம் ஓட்ட ஆரம்பித்தார்கள். 1976இல் திறந்த ஜெய்ப்பூர் ராஜ்மந்திரை வெளியூர்க்காரர்கள் படம் எதுவென்று கேட்காமல், கூரையைப் பார்க்கவே டிக்கெட் எடுத்துப் போகிறார்கள்.

நம் ஊரில் என்ன குறைச்சல்? 1937இல் வந்த 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் ஒரு தியேட்டரே கட்டி அதற்கு அந்தப் படத்தின் பெயரையே வைத்த ஊர் இது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கும் விக்டோரியா எட்வர்ட் ஹாலில்தான் நம் ஊர் ரீகல் தியேட்டர் நடந்தது. இங்கிலீஷ் படம் என்றால் மதுரைக்கு ரீகல்தான்.

நகருக்குள் மூடிக் கிடக்கும் ஒரு பழைய தியேட்டருக்குள் போய்ப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. திரையைச் சுற்றிச் சிமெண்டில் கொடியும் பூவுமாக வேலைப்பாடு. நீலப் பெயிண்ட் உரிந்த இடத்தில் பச்சை, பச்சைக்கு அடியில் பழைய காவி. ஒவ்வொரு இதழையும் கரண்டியால் இழைத்த தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. அச்சில் வார்த்திருந்தால் அப்படி இருக்காது, ஒரு கொத்தனார் சாரத்தில் நின்று செய்த வேலை. மேலே புரொஜெக்டர் கேபினில், படம் காட்டும் வெளிச்சத்துக்காக எரித்த கார்பன் குச்சிகளின் துண்டுகள் ஒரு தகர டப்பா நிறையக் கிடந்தன. அங்கே ஆபரேட்டராக இருந்த பெரியவர் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "இதப் பாத்துக்கிட்டே இருக்கணும் தம்பி. எரிய எரிய இடைவெளி கூடிரும். விட்டா திரை மங்கிரும், கீழ விசில் பறக்கும்" என்றார். அவருக்குத் தெரிந்த தொழில் அவரோடு போய்விடக் கூடாது.

தியேட்டர் முதலாளிகளை நான் குறை சொல்ல மாட்டேன். டிவி வந்து, விசிடி வந்து, நகரின் நடுவில் மனை விலை ஏறிக்கொண்டே போகும்போது இரண்டாயிரம் சீட்டைத் தினம் நாலு காட்சி நிரப்பு என்று யாரிடம் சொல்வது? வாழ்ந்த கட்டடத்தைக் காப்பாற்று என்று கேட்கிற நாம்தான் அவர்களுக்குச் சொத்து வரியில் சலுகையும் பராமரிப்புக்கு உதவியும் கேட்க வேண்டும். பழமையான கட்டடங்களைக் காக்கும் பாரம்பரிய ஆணையத்துக்காகத் தமிழ்நாட்டில் 2012லேயே சட்டம் போட்டாயிற்று. கோயிலும் அரண்மனையும் போலத் தியேட்டரும் அதன் கணக்கில் வர வேண்டும் என்று மதுரைதான் முதலில் கேட்க வேண்டும். கேட்கிற உரிமை நமக்குத்தான் அதிகம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. நிற்கிற பழைய தியேட்டர்களை அளந்து வரைந்து வைத்துவிட வேண்டும். தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைத் துறையே இருக்கிறது. மாணவர்கள் ஒரு பருவத்துக்கு ஒரு தியேட்டர் என்று எடுத்தால்கூடப் போதும்.

தங்கம் தியேட்டரின் படம் உங்கள் வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். முகப்பு, படிக்கட்டு, டிக்கெட் கவுண்டர், எதுவாக இருந்தாலும் சரி. குடும்பப் படத்தின் பின்னால் சுவரோ வாசலோ கொஞ்சம் தெரிந்தாலும் ஸ்கேன் செய்து, எந்த வருஷம் எடுத்தது என்று ஒரு வரி எழுதி இங்கேயே போடுங்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் உங்கள் சொந்தத்தில் இருந்தால் அவர்களைப் பேசச் சொல்லி போனில் பதிவு செய்து வையுங்கள். நானும் ஆபரேட்டர் பெரியவரிடம் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.