செட்டில்மென்ட் வீட்டை விற்றால் வரி உண்டு

அண்ணே, "அப்பா செட்டில்மென்ட் எழுதித் தந்த இடத்தை மகன் விற்றால் வரியே கிடையாது, அவன்தான் காசு போடலையே" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. இதை நம்பி யாராவது விற்ற பணம் முழுவதையும் செலவழித்துவிட்டால் அப்புறம் பெரிய சிரமம்.

செட்டில்மென்ட் என்றால் காசு வாங்காமல் சொந்தத்துக்குச் சொத்தை எழுதித் தருவது; பெற்றோரிடமிருந்து அப்படிப் பெறும்போது வருமான வரி இல்லை, அது உண்மை. எழுதித் தரும் அப்பாவுக்கும் இல்லை. பத்திரச் செலவு மட்டும்தான்.

விற்கும்போதுதான் கதை மாறும். அப்பா வாங்கிய விலையே மகனுக்கும் அசல் விலை. செட்டில்மென்ட் எழுதிய நாளின் வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) அல்ல. ஆனையூரில் அப்பா 2005-ல் 4 லட்சத்துக்கு வாங்கிய மனையை மகன் இன்று 60 லட்சத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். லாபம் 56 லட்சம். 12.5 சதவீதம் என்றால் 7 லட்சம் வரி, அந்த வரியின் மேல் போடும் செஸ் தனி. அப்பா வைத்திருந்த வருடங்களும் கணக்கில் சேருவதால் இது நீண்டகால லாபம், அதற்குத்தான் இந்த 12.5 சதவீதம், அந்த மட்டில் நல்லது. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியது என்றால் அன்றைய சந்தை மதிப்பை அசலாகக் காட்டலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல்.

அதனால் அப்பாவின் பழைய கிரயப் பத்திரத்தைத் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள். மகனுக்குப் பதில் மருமகள் பேரில் எழுதினால் வாடகை வருமானம் மாமனாரின் வருமான வரிக் கணக்கிலேயே சேரும், அதையும் யோசியுங்கள்.