மருந்துச் சீட்டில் மருமகளுக்கும் ஒரு வரி

"அல்சைமருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கிளம்பினால் போதும், சொந்தக்காரர்களில் நாலு பேராவது எனக்கு அனுப்பிவிடுவார்கள். மாமியாருக்கு அந்த மறதி நோய் என்று தெரிந்ததிலிருந்து இப்படித்தான். அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் தட்டிக் கை சலித்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் அனுப்புவது பெரும்பாலும் லெகானெமாப் பற்றி. அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு அனுமதி கிடைத்த ஊசிமருந்து. அடுத்த வருஷம் டோனானெமாப் வந்தது. மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை இரண்டும் அகற்றுகின்றன, அது ஸ்கேனிலேயே தெரிகிறது. சரி, அகற்றினால் ஆள் தேறுகிறாரா? லெகானெமாப் ஆய்வில் 1,795 பேர், 18 மாதம். நோய் எவ்வளவு முற்றியது என்று 18 புள்ளி அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத டிரிப்ஸ் ஏறியவர்கள் 1.66 புள்ளி மோசமானார்கள், மருந்து ஏறியவர்கள் 1.21. வித்தியாசம் 0.45. செய்தித் தலைப்பில் இதுதான் "நோய் 27 சதவீதம் மெதுவாகிறது" என்று வருகிறது. கணக்கு சரிதான். ஆனால் அந்த 0.45 வீட்டில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியுமா என்று டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை.

நோய் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் லெகானெமாப். அமிலாய்டு இருக்கிறதா என்று முதலில் சோதனை, தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறை டிரிப்ஸ், நடுநடுவே எம்ஆர்ஐ. மருந்து போட்டுக்கொண்டவர்களில் எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் தெரிந்ததாம், அதனால்தான் அந்த எம்ஆர்ஐ. விலை, அமெரிக்காவில் 2023இல் வருஷத்துக்கு 26,500 டாலர் என்று வைத்தார்கள். எங்கள் அத்தை அந்த ஆரம்பக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டார்.

ஆராய்ச்சியே வீண் என்று சொல்பவள் இல்லை நான். மறதிக்காக அத்தை தினமும் ராத்திரி போடும் டோனெபெசில் மாத்திரையை உருவாக்கிய ஜப்பான்காரர் ஹாச்சிரோ சுகிமோட்டோவின் அம்மாவுக்கே டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருந்தது. அப்படிப்பட்ட ஆட்களும் அந்தத் துறையில் இருக்கிறார்கள். அடுகானுமாப் என்ற இன்னொரு அல்சைமர் மருந்தின் கூத்தும் அதே துறையில்தான் நடந்தது. நிபுணர் குழு கூடாது என்று சொல்லியும் அமெரிக்காவில் 2021 ஜூனில் அனுமதி கொடுத்தார்கள், குழுவில் மூன்று பேர் ராஜினாமா செய்தார்கள், வருஷத்துக்கு 56,000 டாலர் என்று விலை வைத்தார்கள். 2024 ஜனவரியில் கம்பெனியே அதைக் கைகழுவுவதாக அறிவித்துவிட்டது.

யாருமே எனக்கு ஃபார்வேர்டு பண்ணாத செய்தி ஒன்று சொல்கிறேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழுவினர், அல்சைமர் வந்த கணவனையோ மனைவியையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட 406 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குத் தனியாகவும் குடும்பத்தோடு சேர்த்தும் ஆலோசனை, கூடிப் பேச ஒரு குழு, தவித்துப்போனால் கூப்பிட ஒரு போன் நம்பர். அந்தக் குடும்பங்களில் நோயாளியை முதியோர் விடுதியில் சேர்க்கும் நாள் சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. ஒன்றரை வருஷம்! 2006லேயே வெளிவந்த முடிவு இது.

அமெரிக்கா வசதியான ஊர் என்பீர்கள். கோவாவில் அமித் டயஸ் குழு 81 குடும்பங்களில் செய்து பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். மேற்பார்வைக்கு ஒரு மனநல மருத்துவர். ஆறு மாதத்தில் நோயாளியின் நடவடிக்கை பெரிதாக மாறிவிடவில்லை, பார்த்துக்கொள்கிறவரின் மனச்சுமைதான் குறைந்தது. எனக்கு அந்த ஆய்வைப் பிடித்ததே இதனால்தான். நோயாளியைத் தவிர இன்னொரு ஆளும் அந்த வீட்டில் இருக்கிறார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

பயிற்சி என்றால் என்னவோ பெரிய படிப்பு என்று நினைக்க வேண்டாம். சாயங்காலம் வெளிச்சம் மங்கினதும் அத்தை புடவைத் தலைப்பில் சில்லறையை முடிந்துகொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "நான் எங்க வீட்டுக்குப் போறேன், அம்மா தேடும்." அவர் அம்மா போய் நாற்பது வருஷத்துக்கு மேல். "இதுதான் அத்தை உங்க வீடு" என்றால் அழுகை, கோபம், கதவைப் போட்டு உடைப்பது. ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சனிக்கிழமை வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்: மறுக்காதீர்கள், திருத்தாதீர்கள், அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள், இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். இப்போது "போலாம் அத்தை, காபியைக் குடிச்சிட்டுக் கிளம்புவோம். உங்க வீட்டுல மாடு எத்தனை இருந்துச்சு?" என்பேன். மாட்டின் பேரெல்லாம் சொல்வார். காபி முடிவதற்குள் கிளம்பும் நினைப்பு பாதி நாள் போய்விடும். மீதி நாள் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்புவோம். குளியலும் அப்படித்தான்: எடுத்ததும் தலையில் ஊற்றினால் மிரண்டுபோகிறார், காலில் தொடங்கி மெல்ல மேலே வந்தால் சம்மதிக்கிறார்.

நம் ஊர் மருமகள்களுக்கென்று தனியாக ஒரு பாடமும் நடத்த வேண்டும். சாப்பிட்டு அரைமணி ஆகியிருக்காது, பக்கத்து வீட்டு அக்காவிடம் "காலைல இருந்து பச்சத் தண்ணி குடுக்கல" என்பார். வளையலை அரிசி டப்பாவில் போட்டுவிட்டு நான் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார். அது நோய் பேசுவது என்று எனக்குத் தெரியும். சென்னையிலிருந்து ஒருநாள் வந்துபோகும் நாத்தனாருக்கு யார் சொல்வது? அதைக் குடும்பத்தை உட்காரவைத்து ஒரு டாக்டர் சொன்னால் எத்தனையோ வீட்டில் பேச்சுவார்த்தை முறியாமல் இருக்கும். எங்களுக்கு நோயைச் சொன்ன டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு "பாத்துக்கங்க" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. இத்தனை வீட்டுக்கும் ஊசி வரப்போவதில்லை. ஆனால் ஆள் வர முடியும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீடு தேடி வருகிறார்களே, அவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்து, எங்களைப் போன்ற வீடுகளில் மாதம் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி, அதற்குத் தனியாகச் சம்பளமும் கொடுக்கலாம். அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரே 2024 ஜூலையிலிருந்து பார்த்துக்கொள்பவரின் பயிற்சிக்கும் சற்று ஓய்வுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. ஊசிக்குக் காசு கொடுக்கும் ஊரிலேயே இதுவும் தேவைப்படுகிறது என்றால் நமக்கு?

அதுவரைக்கும் சொந்தபந்தங்களுக்கு ஒரு விண்ணப்பம். பார்க்க வரும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம், அலமாரியில் இடமில்லை. ஒரு மத்தியானம் அத்தையோடு உட்கார்ந்து மாட்டுக் கதை கேளுங்கள். நான் போய் என் கண்ணைக் காட்டிவிட்டு வருகிறேன், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.